அலோயிஸின் ஓய்வூதியமும் சிவலிங்கத்தின் இரண்டு கைகளும்

வருடத்தில் இரண்டு மாலைகளில் மட்டும் சிவலிங்கம் தன் கைகளின் மேல் உட்கார்ந்திருப்பார். லிண்ட்வில் நகரத்தின் பொதுக்கூட்டம் கூடும் மாலைகள் அவை. மண்டபத்தின் ஓரத்தில், வாக்கு இல்லாதவர்களுக்கென்று போட்டிருக்கும் வாங்கில் இடம் பிடித்து, இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, கூட்டம் முடியும் மட்டும் அப்படியே இருப்பார். புதிதாகப் பார்ப்பவர்கள், பாவம், குளிர் பழகாத மனுஷன் என்று நினைப்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். அவர்கள் சிரிப்பதில் சிவலிங்கத்துக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அந்தக் கைகளால் ஒருமுறை அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

சிவலிங்கம் சாவகச்சேரிக்காரர். ஊரில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். எண்பத்துநாலாம் ஆண்டின் கடைசியில், வீட்டில் இருந்த நகைநட்டை விற்றுக் கிழக்கு பேர்லின் வழியாக வந்து சேர்ந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். அதிகாரிகள் அவரை லுசேர்ணுக்குப் பக்கத்தில், ஏரிக்கரையில் இருக்கும் இந்தச் சின்ன நகரத்துக்கு அனுப்பிவைத்தார்கள். அகதி வழக்கு தலைநகர் பேர்ணில் ஏதோ ஒரு மேசையில் கிடந்தது. அது அசைவதாக இல்லை. ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் குசினியில் கிழங்கு உரிக்கவும் சட்டிகள் தேய்க்கவும் வேலை கிடைத்தது. ஊரில் நாள் முழுக்க ‘உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ’ என்று சனத்தை அடைத்த வாய், இங்கே ஆம், நன்றி என்பதற்கான ‘யா’, ‘டாங்கே’ என்ற இரண்டு சொல்லோடு அடங்கிக் கிடந்தது. மெல்ல மெல்ல ஜேர்மன் பிடிபட்டது. ஆனால் அவர் பேசும் ஜேர்மன் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிவிடும்; மீதியைக் கேட்பவர்தான் நடந்து போய்ச் சேரவேண்டும்.

அகதிக்கு வீடு கொடுக்க லிண்ட்வில்லில் ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் நகரசபை தன்னிடமே இருந்த இரண்டு அறைகளைக் கொடுத்தது. அவை தீயணைப்பு நிலையத்தின் மேல்மாடியில் இருந்தன. கீழே சிவப்பு வண்டிகள். நடுமாடியில் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் அலோயிஸ் பூஹர். கூரைக்குக் கீழே சிவலிங்கம்.

அலோயிஸ் அறுபதைத் தாண்டிய மனிதர். மனைவி இறந்து பல வருடம். பிள்ளைகள் இல்லை. லிண்ட்வில்லில் தீயணைக்கப் போவது பெரும்பாலும் ஊர்க்காரர்கள்தான். அபாயச் சங்கு ஊதினால் பேக்கரிக்காரர் மாவை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவார், வாத்தியார் வெண்கட்டியோடு ஓடிவருவார். சம்பளத்துக்கு முழுநேரமாக இருந்தவர்கள் மூன்று பேர். அவர்களில் மூத்தவர் அலோயிஸ். வண்டிகளைத் துடைப்பது, ஏணிகளுக்கு எண்ணெய் போடுவது, நனைந்த துணிக்குழாய்களைக் கழுவி நிலையத்தை ஒட்டிய உயரமான கோபுரத்தில் தொங்கவிட்டு உலர்த்துவது, நெருப்பு என்றால் முதல் வண்டியில் ஏறுவது, எல்லாம் அவர் வேலை. வாலிபனாக வந்து சேர்ந்தவர், அந்த ஒரே கட்டடத்திலேயே நரைத்துவிட்டார்.

எண்பத்தாறாம் ஆண்டு வசந்தத்தில் சிவலிங்கத்தின் மனைவி பரமேஸ்வரி வந்து சேர்ந்தார். வந்த மறுவாரம், சிவலிங்கம் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில், கூரையில் இருந்த சங்கு ஊதியது. மாதத்துக்கு ஒருமுறை அது வேலை செய்கிறதா என்று ஊதிப் பார்ப்பார்கள். பரமேஸ்வரிக்கு அது எப்படித் தெரியும்? ஊரில் குண்டு போடுகிறவன் சங்கு ஊதிவிட்டுப் போடுவதில்லை. அதனால் ஊதிவிட்டுப் போடுவது இன்னும் பெரிய குண்டாகத்தான் இருக்கவேண்டும் என்று அவர் நினைத்தார். வெறுங்காலோடு படிகளில் ஓடி இறங்கி, மாடிப்படிக்குக் கீழே இருந்த மூலையில் ஒடுங்கிக்கொண்டார். அங்கேதான் அலோயிஸ் அவரைக் கண்டார். தானும் அந்தக் குளிர்ந்த சீமெந்துத் தரையில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, சங்கு ஓயும்வரை கூட இருந்தார்.

அதன்பிறகு ஒரு வழக்கம் உண்டானது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்னால் அலோயிஸ் கூரை அறைவரைக்கும் படியேறி வந்து கதவைத் தட்டுவார். பரமேஸ்வரி திறந்ததும், ஒரு விரலைக் காதருகே சுழற்றிக் காட்டி, பிறகு ‘ஒன்றுமில்லை’ என்று கையை அசைப்பார். அவ்வளவுதான். பிறகுதான் கீழே போய்ச் சங்கை ஊதுவார். மூட்டு வலியோடு அத்தனை படி ஏறவேண்டும் என்று எந்தச் சட்டமும் அவருக்குச் சொல்லவில்லை. பரமேஸ்வரி அவரை ‘அலோயிஸ் அண்ணை’ என்றுதான் சொல்வார். முகத்துக்கு நேரே சொல்லும்போது மட்டும் அது மரியாதையாக ‘ஹெர் பூஹர்’ ஆகும்.

அந்த அண்ணை செய்த இன்னொரு உபகாரம்தான் பிறகு வினையாய்ப் போனது. கூரை அறையில் பன்னிரண்டு முழச் சேலையை எங்கே காயப்போடுவது? ஜன்னலில் போட்டால் பனி பிடித்துப் பலகை மாதிரி நிற்கும். ஒருநாள் அலோயிஸ் பரமேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு போய்க் குழாய்க் கோபுரத்தைக் காட்டினார். உயரத்தில் இருந்து நீளநீளமாகக் குழாய்கள் தொங்கின. ஒரு மூலைக் கொக்கி சும்மா இருந்தது. அன்று முதல் தீயணைப்புக் குழாய்களுக்குப் பக்கத்தில் ஒரு நீலச் சேலையும் ஒரு மஞ்சள் சேலையும் மாறிமாறித் தொங்கின. கோபுரத்துக்கு நகரத்தைப் பார்த்து ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருந்ததை இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

எண்பத்தெட்டாம் ஆண்டு வசந்தத்தோடு அலோயிஸுக்கு வேலை முடிகிறது. வேலை முடிந்தால் நடுமாடி வீடும் அடுத்து வருபவருக்குப் போய்விடும். அப்போதுதான் அவருடைய ஓய்வூதியக் கதை வெளியே வந்தது.

லிண்ட்வில் தன் தீயணைப்பாளர்களுக்கு என்று ஒரு பழைய உதவி நிதி வைத்திருந்தது. இலையுதிர் காலத்தில் ஒரு நடன விழா நடக்கும். அக்கோர்டியன் வாசிப்பார்கள், சொசேஜ் சுடுவார்கள், குலுக்கல் சீட்டு விற்பார்கள். அதில் மிஞ்சுவது நிதிக்குப் போகும். ஊரே முப்பது வருடமாகக் கால் நோக ஆடியும் சேர்ந்தது ஏணி வண்டிக்கு ரயர் மாற்றக்கூடக் காணாது. எண்பத்தைந்தில் நாட்டுக்குப் புதுச் சட்டம் வந்தது. வேலை கொடுப்பவரும் வேலை செய்பவரும் மாதாமாதம் பங்கு போட்டு ஓய்வுக்காலத்துக்குச் சேர்க்கவேண்டும். இளையவர்களுக்கு நல்ல சட்டம். அலோயிஸுக்கோ, அது வந்தபோது வேலைக்காலமே முடியும் தறுவாய். சேர்ந்தது பெயருக்கு ஏதோ சேர்ந்தது. அரசாங்கம் எல்லா முதியவர்களுக்கும் கொடுக்கும் பணத்தில் சாப்பிடலாம். இந்த ஏரிக்கரையில் ஒரு வீட்டுக்கு வாடகை கொடுக்க முடியாது. மலைப்பக்கத்தில் ஒரு ஒன்றுவிட்ட சகோதரனின் பண்ணையில், மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறதாம். அங்கே போகப்போவதாக அலோயிஸ் சொன்னார். மலைக்காற்று நல்லது என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

நகரத் தலைவர் நல்ல மனிதர். மூன்று பேருக்கும் பழைய வருடங்களுக்கான பங்கை நகரமே நிதியில் போடவேண்டும் என்று ஒரு யோசனை கொண்டுவந்தார். தீயணைப்பில் சேராத ஆண்கள் கட்டும் வரியைச் சில வருடங்களுக்குக் கொஞ்சம் கூட்டினால் போதும். அதைப் பொதுக்கூட்டம் கை உயர்த்தி ஏற்கவேண்டும். யோசனை தோற்றால் அலோயிஸ் மாட்டுக் கொட்டிலுக்கு.

எதிர்த்து நின்றவர் மரம் அரிந்து விற்கும் மரக்காலையின் முதலாளி அம்றைன். கெட்ட மனுஷன் என்று சொல்லமுடியாது. வரி என்ற சொல் காதில் விழுந்தால் மட்டும் அவருக்கு இரத்தம் ஏறிவிடும்.

“நீங்களும் வாருங்கள்,” என்று அலோயிஸ் சிவலிங்கத்தைக் கூப்பிட்டார். “வாக்கு இல்லாவிட்டாலும் வந்து பார்க்கலாம். எங்கள் ஊரில் எப்படி முடிவெடுக்கிறோம் என்று பாருங்கள்.”

சிவலிங்கம் போனார். மாதக்கணக்கேயான மகள் சிவகலாவைத் தூக்கிக்கொண்டு பரமேஸ்வரியும் போனார். எண்பத்தேழாம் ஆண்டு கார்த்திகை மாதம், வெளியே ஈரப்பனி. மண்டபம் நிறைந்திருந்தது. ஓரத்து வாங்கில் ஒரு பத்திரிகைக்காரி, ஓர் இத்தாலிய மேசன், பிறகு இவர்கள். தீர்மானத்தால் நன்மை பெறுபவர் உள்ளே இருக்கக்கூடாது என்பது அங்கே விதி. மற்ற இரண்டு தீயணைப்பாளர்களும் நிலையத்தில் கடமையில் இருந்தார்கள். அலோயிஸ் சீருடைத் தொப்பியை எடுத்துக்கொண்டு, எல்லோரையும் பார்த்துத் தலையசைத்து, கதவுக்கு வெளியே போனார். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு கூச்சத்தோடு நடந்து போனதைப் பார்க்க சிவலிங்கத்துக்கு என்னவோ செய்தது.

அம்றைன் எழுந்து பேசினார். முதலில் கணக்குத்தான் சொன்னார். பிறகு கோபுரத்துக்கு வந்தார். நகரத்தின் குழாய்க் கோபுரத்தில் தமிழர்களின் துணி காய்கிறது, ஜன்னலால் ஊருக்கே தெரிகிறது, நிலையத்தைச் சலவைக்கூடமாக நடத்துகிறவருக்கு நாம் வரிப்பணத்தில் பரிசு கொடுக்கவேண்டுமா என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். சிலர் தலையை ஆட்டினார்கள்.

பரமேஸ்வரிக்கு அவ்வளவு ஜேர்மன் தெரியாது. ஆனால் ‘தமிழர்’ என்ற சொல் மட்டும் பிடிபட்டது. “இஞ்சாருங்கோ, எங்களைப் பற்றியோ கதைக்கினம்?”

“இல்லை. சும்மா இரு,” என்றார் சிவலிங்கம். தாங்கள் காயப்போட்ட சேலை அந்த மனிதரின் வாழ்வில் விழுந்துவிட்டதே என்று நினைக்க, வாங்கோடு வாங்காக மறைந்துபோனால் நல்லது போல இருந்தது.

தலைவர் வாக்கெடுப்புக்கு அழைத்தார். “ஆதரிப்பவர்கள் கை உயர்த்துங்கள்.”

முதலில் முன்வரிசையில் சில கைகள். பிறகு பேக்கரிக்காரர், வாத்தியார், தபால்காரர். பிறகு இங்கொன்றும் அங்கொன்றுமாக மண்டபம் முழுக்கக் கைகள் எழுந்தன. நல்லூர்க் கோவிலில் தீபம் காட்டும்போது எப்படி இருக்கும்? முன்னுக்கு நிற்பவர்களின் கைகள் எழ, அடுத்த வரிசை எழும், அதற்குப் பின்னால் எழும். தூணுக்குப் பின்னால் நிற்பவனுக்குச் சாமி தெரியாவிட்டாலும் கை தன்பாட்டில் தலைக்கு மேலே போய்விடும். அதைத் தடுத்து வைக்க யாரும் பழகியதில்லை. சிவலிங்கத்துக்கும் அப்படித்தான் நடந்தது. அந்த நல்ல மனுஷனுக்காக இத்தனை கை எழும்புகிறதே என்று நெஞ்சு நிறைந்தது. அடுத்த கணம் அவருடைய இரண்டு கையும் தலைக்கு மேலே கூப்பியபடி நின்றன. கண்ணும் மூடியிருந்தது. பரமேஸ்வரியின் கைகளும் போயிருக்கும். மடியில் பிள்ளை இருந்ததால் தப்பினார்.

“கையை இறக்குங்கோ,” என்று பரமேஸ்வரி அவர் முழங்காலில் இடித்தபோதுதான் சிவலிங்கம் கண்ணைத் திறந்தார்.

எண்ணுகிறவர்கள் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு வரிசைத் தொகையையும் உரத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். பிறகு எதிர்ப்பவர்களையும் அப்படியே எண்ணினார்கள். பலர் எதற்கும் கை தூக்காமல் சும்மா இருந்தார்கள். தலைவர் கூட்டிப் பார்த்து, மயிரிழையில் யோசனை வென்றதாக அறிவித்தார். பேக்கரிக்காரர் கைதட்டினார். சிலர் சேர்ந்து தட்டினார்கள்.

அம்றைன் எழுந்தார். “ஓரத்து வாங்கில் இருந்து ஒரு கை எழுந்ததை நான் பார்த்தேன். இந்த எண்ணிக்கையை நான் ஏற்கமாட்டேன்.”

அந்தப் பக்கம் எண்ணியவர், தான் ஓர வாங்கைச் சேர்த்தேனா இல்லையா என்று நினைவில்லை என்றார். தலைவர் ஓர வாங்கைப் பார்த்தார். “உங்களில் யாராவது கை உயர்த்தினீர்களா? ஒருவரும் இல்லையென்றால் முடிவு அப்படியே நிற்கும்.”

அம்றைனின் விரல் இத்தாலிய மேசனை நோக்கி நீண்டது. “இவர்தான் என்று நினைக்கிறேன்.”

மேசன் துடித்தெழுந்து மறுத்தார். பாவம், மறுக்கும்போது அவருடைய இரண்டு கைகளும் காற்றில் சுழன்றன. அதைப் பார்த்த பாதி மண்டபம் அவர்தான் என்று முடிவு கட்டியது.

சிவலிங்கம் இரண்டு பக்கமும் நினைத்துப் பார்த்தார். பேசாமல் இருந்தால் அலோயிஸுக்கு வீடு கிடைக்கும். எழுந்து சொன்னால் எல்லாம் கெட்டுப்போகும். அதுமட்டுமா? இந்த நாட்டில் உரிமையில்லாமல் வாக்குப் போடுகிறவனை என்ன செய்வார்களோ. பேர்ணில் கிடக்கும் வழக்கில் இதையும் ஒரு காரணமாக எழுதிப் பெட்டியோடு விமானத்தில் ஏற்றிவிட்டால்?

பரமேஸ்வரி அவருடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். “பேசாமல் இருங்கோ. கேஸ் கிடக்குது. பிள்ளை கிடக்குது.”

“அந்த மனிசனைப் பார்,” என்றார் சிவலிங்கம்.

மேசன் இன்னும் நின்றுகொண்டிருந்தார். கன்னம் சிவந்துபோயிருந்தது. இந்த ஊரில் பாதி வீட்டுக்குச் சுவர் கட்டியவர், வேலை உடையோடு, எல்லோர் முன்னும் கள்ளன் மாதிரி நின்றார். பரமேஸ்வரி அவரைப் பார்த்தார். பிறகு மணிக்கட்டை விட்டுவிட்டார்.

சிவலிங்கம் எழுந்தார். “இவர் இல்லை. நான். கை நான்.” அது போதாது என்று பட்டது. “இரண்டு கை,” என்றும் சொன்னார்.

எங்கோ ஒருவர் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. “ஏன்?” என்று கேட்டார்.

“எங்கள் கோவில்... எல்லோரும் கை மேலே, என் கையும் மேலே. நான் நினைக்கவில்லை. கை போனது. ஹெர் பூஹர் நல்ல மனிதர். மன்னிக்கவும்.”

“நீங்கள் இதைச் சொன்னதால் வாக்கெடுப்புச் செல்லாது என்று ஆகிவிடும். அது உங்களுக்கு விளங்குகிறதா?”

செல்லாது என்பதற்கான ஜேர்மன் சொல் சிவலிங்கத்துக்கு நன்றாகவே தெரியும். அகதிக்கு அந்த மொழியில் முதலில் பழக்கமாகும் சொற்களில் அதுவும் ஒன்று.

“விளங்குகிறது,” என்றார். மேசன் அவருடைய தோளில் கையை வைத்தார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபுரத்தைப் பற்றிச் சிரித்தவர்கள் இப்போது தங்கள் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி வாக்கெடுக்கிறோம் என்றார் தலைவர். அவன் உள்ளே இருக்கக்கூடாது என்றார் அம்றைன். சரி, தயவுசெய்து நீங்கள் மட்டும் வெளியே நில்லுங்கள், மனைவியும் பிள்ளையும் இருக்கட்டும் என்று தலைவர் சொன்னார்.

வெளியே நடையில் ஈரமான கம்பளிக் கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. அவற்றுக்குக் கீழே இருந்த சின்ன வாங்கில் அலோயிஸ் உட்கார்ந்திருந்தார். சிவலிங்கத்தைக் கண்டதும் எழுந்துவிட்டார். முகம் முழுக்கச் சிரிப்பு. கைதட்டல் அவருக்குக் கேட்டிருக்கிறது.

“வென்றுவிட்டது, இல்லையா?”

இதற்கு மண்டபத்தின் நடுவில் நின்றதே மேல் என்று சிவலிங்கத்துக்கு இருந்தது. “வென்றது. பிறகு நான்... நான் கெடுத்துவிட்டேன், ஹெர் பூஹர்.”

தெரிந்த ஜேர்மனை எல்லாம் கூட்டி அள்ளி, நடந்ததைச் சொன்னார். சேலையைச் சொன்னார், கோவிலைச் சொன்னார், மேசனைச் சொன்னார். சொல்லும்போது கண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவும் இல்லை. அலோயிஸின் சிரிப்பு மெல்ல அணைந்தது. வாங்கில் மறுபடி உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் வைத்து, அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“அந்த மேசன் மேல் பழி விழ விட்டிருந்தால்,” என்று கடைசியில் சொன்னார், “எனக்கு அந்தப் பணம் வேண்டாமென்றே இருந்திருக்கும்.” பிறகு தலையை நிமிர்த்தி, “இரண்டு கையுமா?” என்று கேட்டார்.

“ஓம். இரண்டும்.” பதற்றத்தில் அது தமிழில் வந்தது.

“இரண்டாக எண்ணினார்களோ என்னவோ.” அலோயிஸின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று சிவலிங்கம் பயந்துபோனார். இல்லை, சிரிக்கிறார். “எப்படித் தூக்கினீர்கள்? காட்டுங்கள்.”

சிவலிங்கம் அந்தக் கோட்டுகளுக்கு நடுவில் நின்று கைகளைத் தலைக்கு மேலே கூப்பிக் காட்டினார். அலோயிஸ் எழுந்து நின்று தானும் செய்து பார்த்தார். ஏணி தூக்கிப் பழகிய கைகள்; முழங்கைகள் இரண்டு பக்கமும் அகன்று, தலைக்கு மேலே ஒரு பாரத்தைத் தாங்குவது போல நின்றன. சிவலிங்கத்துக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது உள்ளே தலைவரின் குரல் கேட்டது. வாக்கெடுப்பு. இருவரும் கைகளை இறக்கிவிட்டு, கதவைப் பார்த்தபடி நின்றார்கள்.

எண்ணுகிறவர்களின் குரலுக்காகக் காத்திருந்தார்கள். முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று இப்போது தொடங்கவேண்டும். தொடங்கவில்லை. ஒரு கதிரையைத் தரையில் அரக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

“எண்ணவில்லை,” என்றார் அலோயிஸ். அவருடைய முகம் வெளுத்திருந்தது. “எண்ணுவதற்குக் கை வேண்டும்.”

சிவலிங்கத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு கைகூட எழும்பவில்லையா? தன்னுடைய இரண்டு கைகள் அந்த மண்டபத்தின் எல்லாக் கைகளையும் கீழே இழுத்துப் போட்டுவிட்டனவா? மலைக்குப் போய் அந்தக் கொட்டிலுக்குப் பக்கத்தில் தானும் ஒரு வேலை தேடிக்கொண்டு இந்த மனுஷனைப் பார்த்துக்கொள்ளலாமா என்றுகூட ஒரு எண்ணம் ஓடியது.

கதவு திறந்தது. பிள்ளையைத் தோளில் போட்டபடி பரமேஸ்வரி நின்றார். கண்கள் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

“என்ன நடந்தது? ஏன் எண்ணேல்லை?”

“எண்ணத் தேவையில்லையாம்,” என்றார் பரமேஸ்வரி. “எல்லாரும் கையைத் தூக்கிட்டினம். முதல் சும்மா இருந்த ஆக்களும் தூக்கினவை. எண்ணுற ஆக்களே சிரிச்சுக்கொண்டு இருந்திட்டினம். அந்த மரக்காலைக்காரர் மட்டும் கனநேரம் கையைக் கீழை வைச்சுக்கொண்டு இருந்தவர். பிறகு அவரும் தலை சொறியிற மாதிரிக் கொஞ்சம் தூக்கினவர்.”

சிவலிங்கம் திரும்பினார். அலோயிஸுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. தொப்பியைப் பிடித்துக்கொண்டு, பரமேஸ்வரியின் கண்ணீரைப் பார்த்து, தனக்குத் தானே ஒரு முடிவுக்கு வந்து நின்றார். அவரிடம் சற்றுமுன் ‘கெடுத்துவிட்டேன்’ என்று சொன்ன அதே வாயால் இப்போது சொல்லவேண்டியிருந்தது.

“ஹெர் பூஹர், எல்லோரும். எல்லோருடைய கையும். எண்ண முடியாத அளவு.”

அலோயிஸ் மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். சிவலிங்கம் சொன்னார். அந்தப் பெரிய மனிதர் வாங்கில் அமர்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். கதவு வழியாகப் பேக்கரிக்காரரும் வாத்தியாரும் வர, அவர்களுக்குப் பின்னால் ஊரே வந்து நடையை அடைத்துக்கொண்டது. இத்தாலிய மேசன் சிவலிங்கத்தின் கையைப் பிடித்து, விடவே இல்லை. பேர்ணில் இருந்து இதைப்பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை. தலைவர் அங்கே எழுதவே இல்லை என்று பிறகு தெரிந்தது.

அலோயிஸ் இப்போது நிலையத்துக்குப் பின்தெருவில், கோபுரம் தெரியும் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். மலைக்காற்றைப் பற்றி அவர் பேசுவதில்லை. நிலையத்துக்குப் புதிய பொறுப்பாளர் வந்துவிட்டார். கெட்டிக்கார இளைஞர், சங்கைக் குறித்த நேரத்தில் ஊதுவார். ஆனால் அவர் ஊதுவதற்கு முன்னால், ஒவ்வொரு மாதமும், வெளியே இருந்து ஒரு கிழவர் வந்து கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து அத்தனை படிகளும் ஏறிப்போய்க் கூரை அறைக் கதவைத் தட்டுகிறார். சிவகலா ஓடிப்போய்த் திறப்பாள். விரலைக் காதருகே சுழற்றும் பழைய சைகையை அவர் விட்டுவிட்டார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கூப்பிக் காட்டுகிறார். முழங்கைகள் மட்டும் இன்னும் சரிவரவில்லை.